பன்னிரண்டாம் தொட்டி

ஜூன் 2, திங்கள்

சுகர் 231. காலை இட்லி மூன்று. மதியம் சோறு ஒரு கப்.

சுகர் டாக்டரம்மா எழுதச் சொன்னதால் இந்த நோட்டு. தினமும் விரலில் குத்திப் பார்த்தால் எத்தனை காட்டுகிறது, என்ன தின்றார், எவ்வளவு தின்றார் என்று அன்றன்றைக்கு எழுதி மாதம் ஒருமுறை கொண்டுபோய்க் காட்ட வேண்டும். தின்கிறவர் என் வீட்டுக்காரர் கஸ்பார். இருபத்திரண்டு வருடம் சங்கு குளித்த மனிதர், இப்போது வலது காலில் ஆறாத புண்ணோடு கட்டிலில் கிடக்கிறார். மூன்று மாதத்தில் சுகர் இறங்காவிட்டால் இரண்டு விரலை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

பேனாவைக் கையில் எடுத்தால் நான் அதோடு நிறுத்துகிறவள் இல்லை. எட்டாம் வகுப்பில் கட்டுரைப் பரிசு வாங்கியவள். டாக்டரம்மாவுக்கு முதல் வரி போதும், கீழே படித்தால் அது அவர் பாடு.

மீன்வளக் கல்லூரியின் கடற்கரைச் சோதனைக் கூடத்தில் இன்று புதுச் சோதனை தொடங்கியது. பத்து வருடமாக அங்கே தொட்டி கழுவுவதும் தீனி போடுவதும் நான்தான். சோதனை செய்கிற பெண் வினோதினி, நாமக்கல் பக்கம். மூன்று வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். இந்தத் தொண்ணூறு நாள் சரியாக வந்தால்தான் டாக்டர் பட்டமாம். அக்டோபரில் அவள் உதவித்தொகை முடிகிறது.

கண்ணாடித் தொட்டி பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் இருபது புறாமுட்டைச் சங்குக் குஞ்சு, கட்டைவிரல் நகம் அளவு. வரிசைக்கு மூன்று தொட்டி. முதல் வரிசை சாதாக் கடல் தண்ணீர். இரண்டாவது சூடு. மூன்றாவது வாயு விட்டுப் புளிப்பாக்கியது. நாலாவது வரிசைக்கு, அதாவது பத்து, பதினொன்று, பன்னிரண்டுக்கு, சூடும் உண்டு புளிப்பும் உண்டு.

"எதுக்கும்மா இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"கடல் சூடாகுதுங்கக்கா. வண்டிப் புகை, ஆலைப் புகையை எல்லாம் கடல் உறிஞ்சிக்குதுங்க. அதுல தண்ணி கொஞ்சங் கொஞ்சமா புளிப்புப் பக்கம் சாயுது. முதல் வரிசை இன்னைக்கு இருக்கிற கடல். கடைசி வரிசை நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துக் கடலுங்க."

தீனி மட்டிச் சதை. தொட்டிக்கு இரண்டு கிராம், தராசில் நிறுத்து, காலையில் ஒருமுறை. இம்மி கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று மூன்று தடவை சொன்னாள். நான் அவளுக்கு ரேஷன் கடை என்று பேர் வைத்துவிட்டேன். இந்த நோட்டுக்குள் மட்டும்.

ஜூன் 6, வெள்ளி

சுகர் 226. சோறு ஒரு கப். இன்னொரு கப் கேட்டார். கொடுக்கவில்லை.

நாலாம் வரிசையின் பீப்பாயைக் கழுவினேன். மூன்று தொட்டிக்கும் ஒரே பீப்பாய். மோட்டார் தண்ணீரை ஏற்றுகிறது, மூன்றிலிருந்தும் வழிவது திரும்ப அதற்குள்ளேயே விழுகிறது. முதுகு போய்விட்டது.

ஜூன் 11, புதன்

சுகர் 219. சோறு ஒரு கப், அவரைக்காய்.

பன்னிரண்டாம் தொட்டிக்கு மேலே ரேஷன் கடை ஒரு கேமரா மாட்டியிருக்கிறாள். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தானே எடுக்குமாம். அந்தப் படங்களைக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து பார்ப்பாளாம். ஒரு கேமராதான் கிடைத்ததாம்.

ஜூன் 17, செவ்வாய்

சுகர் 221. சோறு ஒரு கப். கருவாடு கேட்டுச் சண்டை.

சங்குகளின் மூச்சை அளந்தாள். ஒவ்வொன்றையும் மூடிய புட்டியில் போட்டு, ஒரு மணி நேரத்தில் தண்ணீரிலிருந்து எவ்வளவு காற்றை எடுக்கிறது என்று பார்க்கிறாள். நாலாம் வரிசைக் குஞ்சுகள் முதல் வரிசையைவிட ஒன்றரை மடங்கு எடுக்கின்றன.

"சும்மாத்தானம்மா இருக்கு?" என்றேன்.

"சும்மா இருக்கிறதுக்கே அதுகளுக்கு அவ்வளவு செலவாகுதுங்கக்கா. சூடு ஏறினா உடம்புக்குள்ள எல்லாமே வேகமா ஓடுது. புளிச்ச தண்ணியில ஓடு கட்டறதுக்கு வேற கூடப் பலம் வேணும். ரெண்டும் சேந்தா, தின்னது பத்தாதுங்க."

"பத்தாட்டா கூடப் போட வேண்டியதுதான?"

சிரித்தாள். நான் கேட்டதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

சுகர் 217. சோறு ஒரு கப்.

நாலாம் வரிசைக் குஞ்சுகள் நான் தட்டை எடுத்து வருவதற்கு முன்பே மணலை விட்டு மேலே வந்து, மோப்பம் பிடிக்கிற தும்பிக்கையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மற்ற வரிசைகள் மட்டி வாடை பட்ட பிறகுதான் எழுந்திருக்கும். இவை இரண்டு கிராமையும் வழித்துத் தின்றுவிட்டுக் கண்ணாடியில் ஏறித் தேடுகின்றன. பார்க்கச் சகிக்கவில்லை.

வீட்டில் சொன்னேன். இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"கடலுக்குள்ளன்னா அது பாட்டுக்கு இரை தேடி நகந்து போயிரும்ட்டி. நீ கண்ணாடிக்குள்ள அடச்சுல்லா வச்சிருக்க? அடச்சு வச்சவதான் போடணும்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சங்கைப் பற்றித்தான் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 19, வியாழன்

சுகர் 220. சோறு ஒரு கப்.

நிறுத்தது போக மட்டிச் சதை தினமும் கொஞ்சம் மிஞ்சுகிறது. வெளியே கொட்டினால் எறும்பு வரும். வினோதினி ஐந்து மணி பஸ்ஸுக்குப் போன பிறகு, பத்தில் ஒரு கரண்டி, பதினொன்றில் ஒரு கரண்டி போட்டேன். டீக்கடைச் சின்னக் கரண்டிதான். பத்து நிமிடத்தில் துடைத்துத் தின்றுவிட்டன. பன்னிரண்டில் போடவில்லை. அங்கே கேமரா இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

சுகர் 214. சோறு ஒரு கப். கரண்டி: பத்தில் ஒன்று, பதினொன்றில் ஒன்று.

ஜூன் 21, சனி

சுகர் 216. சோறு ஒரு கப். கரண்டி இரண்டுக்கும் ஒவ்வொன்று.

ஜூன் 27, வெள்ளி

சுகர் 209. சோறு முக்கால் கப். ஒரு வாரமாகக் கோபத்தில் மீதி வைக்கிறார். கரண்டி வழக்கம்போல்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. தீனி என்றாலே எழுதிப் பழகிவிட்டது.

ஜூலை 4, வெள்ளி

சுகர் 206. சோறு ஒரு கப். கரண்டி ஒவ்வொன்று.

இரண்டு நாள் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. இரண்டாம் தேதியும் மூன்றாம் தேதியும் கரண்டி இல்லை. இன்று போனதும் பத்தாம் தொட்டியில் எல்லாம் கண்ணாடியோரம் நின்றன. என்னைத் தேடித்தான் நின்றன என்றால் ரேஷன் கடை சிரிப்பாள்.

வாய்க்கு ஒன்றும் பிடிக்காததால் சாயங்காலம் எனக்கு மட்டும் நாலு துண்டு சீலா மீன் பொரித்தேன். அவருக்குப் பொரித்த மீன் ஆகாது. அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் தின்றேன். எனக்கும் வாய் இருக்கிறது.

ஜூலை 9, புதன்

சுகர் 211. சோறு ஒரு கப். கரண்டி ஒவ்வொன்று.

கட்டிலை நொண்டிக்கொண்டே இழுத்து அடுப்படிக் கதவுப் பக்கம் போட்டிருக்கிறார். அங்கேதான் காற்று வருகிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூலை 14, திங்கள்

சுகர் 268.

தலையணைக்கு அடியில் மக்ரூன் பொட்டலம். பாதி காலி. யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கையை நீட்டி மீதியை வாங்கப் போனேன், இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அகப்பையால் கையில் அடித்துவிட்டேன். ஓங்கித்தான் அடித்தேன். மூன்று ஆள் ஆழத்தில் மூச்சுப் பிடித்த மனிதர், மக்ரூனுக்காகக் குழந்தை மாதிரி அழுதார்.

"பசிக்குதுட்டி அமலி. கொடலு கத்துது."

"வெரல வெட்டுனா என்ன செய்வீய? அப்ப யாரு தூக்கிச் சுமப்பா?" என்று கத்தினேன்.

கட்டிய புருஷனைக் கை நீட்டி அடித்தவள் நான். இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

சாயங்காலம் கரண்டி இரண்டிரண்டு போட்டேன். பத்தில் இரண்டு, பதினொன்றில் இரண்டு.

ஜூலை 15, செவ்வாய்

சுகர் 224. சோறு ஒரு கப். கரண்டி ஒவ்வொன்று. மணிக்கட்டு கன்றியிருக்கிறது. என்னுடையது இல்லை, அவருடையது.

ஜூலை 22, செவ்வாய்

சுகர் 198. சோறு ஒரு கப். கரண்டி ஒவ்வொன்று.

வினோதினி கேமராவைத் துடைக்கும்போது அதில் இருந்த சில படங்களைப் பார்த்துக் குதித்தாள்.

"அக்கா, பன்னெண்டாம் தொட்டியில ஒரு அதிசயமுங்க. சாயங்காலம் அஞ்சேகாலுக்கு மேல எல்லாக் குஞ்சும் மணலை விட்டு வெளிய வருதுங்க. தீனி காலையிலதானுங்க போடறோம்? சூட்டுலயும் புளிப்புலயும் அதுகளுக்கு நேரங்காலமே குழம்பிருச்சு போலீங்க. இதை யாருமே எழுதினதில்லைங்க்கா."

"வெளக்கு அணைக்கிற நேரம்லாம்மா, அதனால இருக்கும்" என்றேன்.

பீப்பாய் கழுவ நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். மூன்று தொட்டிக்கும் ஒரே பீப்பாய் என்று முன்னமே எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சுகர் 181. சோறு ஒரு கப். கரண்டி ஒவ்வொன்று.

பனிமய மாதா திருவிழா. ஊரே கோயிலில். வினோதினி நாமக்கல்லுக்குப் போயிருக்கிறாள், காலைத் தீனி என் பொறுப்பு. காலையில் நிறுத்துப் போட்டேன். சாயங்காலம் கூட்டத்துக்குள் நுழைந்து வெளியேறி, பட்டுச் சேலையோடு மறுபடியும் கூடத்துக்கு நடந்து கரண்டி போட்டுவிட்டு வந்தேன். மாதாவிடம் விரலுக்காகவும் வினோதினியின் பட்டத்துக்காகவும் வேண்டிக்கொண்டேன். அந்தப் பிள்ளை காலைச் சாப்பாடே சாப்பிடுவதில்லை. தீனியை நிறுக்கிற கை தன் தட்டையும் நிறுக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

சுகர் 158. சோறு ஒரு கப். கரண்டி ஒவ்வொன்று.

புண் ஓரத்தில் சிவப்புச் சதை வளர்ந்திருக்கிறது. "விரல் தப்பிச்சிரும்மா, இப்படியே அளந்து போடுங்க" என்றார் டாக்டரம்மா. நோட்டின் முதல் வரிகளை மட்டும் பார்த்தார். 'கரண்டி' என்றால் என்ன என்று கேட்டார். சாம்பார் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

சுகர் 151. சோறு ஒரு கப்.

தொண்ணூறு நாள் முடிந்தது. இருநூற்று நாற்பது சங்கையும் எண்ணி எடுத்தோம். ஒன்றுகூடச் சாகவில்லை. நேற்றோடு கரண்டியும் முடிந்தது. கரண்டியைக் கழுவி டீ டப்பாவில் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

சுகர் 149. சோறு ஒரு கப்.

மூன்று நாளாக ஓட்டின் கனம் பார்க்கிறார்கள், நசுக்கும் மிஷினில் வைத்து எவ்வளவு அழுத்தத்தில் உடைகிறது என்று பார்க்கிறார்கள். மூன்றாம் வரிசை ஓடு கொஞ்சம் மெலிவு. நாலாம் வரிசைதான் எல்லாவற்றிலும் மோசமாக இருக்கும் என்று வினோதினி நினைத்திருந்தாள். பத்தும் பதினொன்றும் முதல் வரிசைக்குச் சமமாகக் கெட்டியாக இருக்கின்றன. பன்னிரண்டு மட்டும் விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது.

செப்டம்பர் 6, சனி

சுகர் 152. சோறு ஒரு கப்.

அவளுடைய பேராசிரியர் நல்லசிவம் சார் வந்தார். நான் புட்டி கழுவிக்கொண்டிருந்தேன்.

"பன்னெண்டத் தூக்கிருவோம்மா" என்றார். "கேமரா வெளிச்சம் பட்டிருக்கும், இல்ல ஹீட்டர் கோளாறா இருக்கும். பத்தும் பதினொண்ணும் ஒண்ணுபோலச் சொல்லுதுல்லா? ரெண்டு சாட்சி ஒரே மாதிரி சொன்னா மூணாவதுதான் பொய்."

"அப்ப முடிவு என்னன்னு எழுதறதுங்க சார்?"

"புறாமுட்டைச் சங்கு எதையும் தாங்கும்னு எழுது. வரப்போற கடலுக்கு இதுக்கு ஒண்ணும் ஆகாது. நல்ல செய்திதானம்மா, எல்லாரும் கேக்க ஆசப்படுத செய்தி."

வினோதினி சிரித்தாள். மூன்று மாதத்தில் அவள் பல் தெரியச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். என் கையிலிருந்து ஒரு புட்டி நழுவி உடைந்தது.

அந்த இரண்டு சாட்சிக்கும் சோறு போட்டவள் நான். உள்ளதைச் சொன்ன ஒன்றைத்தான் பொய் என்று தூக்கிப் போடப் போகிறார்கள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சுகர் 150. சோறு ஒரு கப்.

பூசைக்குப் போனேன். ஒரு வரி காதில் விழவில்லை. சொன்னால் வேலை போகும். வருடா வருடம் மார்ச்சில் கையெழுத்து வாங்கிப் புதுப்பிக்கிற வேலை. இன்சுலின், கட்டுப் போடுகிற துணி எல்லாம் அதில்தான். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை பொய்யைத் தன் பேரில் எழுதிக் கையெழுத்துப் போடும். யாராவது ஒருநாள் இதே சோதனையைச் செய்து பார்த்தால் அவள் முகத்தில்தான் கரி.

இவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நாந்தான போடச் சொன்னேன்" என்றார். "என்னயும் சேத்துச் சொல்லு."

செப்டம்பர் 8, திங்கள்

(நோட்டு என்னிடம் இல்லை. இதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்திருக்கிறேன், அப்புறம் ஒட்ட வேண்டும்.)

சுகர் 147. சோறு ஒரு கப்.

காலையில் அவள் பையை வைக்கும் முன்பே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது.

"வினோதினி, பன்னெண்டு பொய் சொல்லலம்மா. பத்தும் பதினொண்ணும்தான் பொய்."

"என்னங்க்கா சொல்றீங்க?"

"நான் தீனி போட்டேன். நீ போன பெறவு, சாயங்காலம். அதுக ரெண்டுக்கும்."

"எத்தனை நாளுங்க?"

"எழுவது நாளு."

பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்க்கா?"

"பசிச்சு நின்னுச்சும்மா. பாத்துக்கிட்டு எப்படி இருக்க?"

"அந்தப் பசியத்தானுங்க்கா நான் அளந்துட்டிருந்தேன்" என்றாள்.

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டாள். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன், தொடவில்லை. நல்ல பிள்ளைக்கு நான் செய்த வேலையைப் பாரு என்று எனக்கே என்மேல் ஆத்திரமாக வந்தது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எவ்வளவு போட்டீங்கன்னு எதுலயாச்சும் குறிச்சிருக்கீங்களா?"

நோட்டைப் பற்றிச் சொன்னேன். அதிலிருந்து தனியாக எழுதித் தருகிறேன் என்றேன்.

"எழுதித் தந்தா சார் நம்ப மாட்டாருங்க. இப்ப உக்காந்து எழுதினதும்பாரு. அன்னன்னைக்கு எழுதின நோட்டுதானுங்க வேணும்."

நோட்டில் ரேஷன் கடை இருக்கிறது. ஜூலை பதினாலு இருக்கிறது. அந்த ஒரு தாளைக் கிழித்துவிடலாமா என்று கழிப்பறையில் நின்று யோசித்தேன். அன்றைக்குத்தான் இரண்டிரண்டு கரண்டி. கிழித்தால் கணக்குத் தப்பும். அப்படியே கொடுத்துவிட்டேன். டீக் கரண்டியையும் கொடுத்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

(காலண்டர் தாள்.)

சுகர் 150. சோறு ஒரு கப்.

மூன்று நாளாக அவள் என்னிடம் பேசவில்லை. சார் கூப்பிட்டுத் தாறுமாறாகத் திட்டினார். திட்டட்டும். வேலையை விட்டுப் போ என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

சுகர் 146.

நோட்டு திரும்பி வந்துவிட்டது. கரண்டி வந்த வரிகளுக்கு மட்டும் பென்சிலில் கோடு போட்டிருக்கிறாள். மற்ற எதிலும் ஒரு புள்ளிகூட இல்லை. படிக்காமலா இருந்திருப்பாள்?

"ஒரு கரண்டி ஒண்ணரை கிராமுங்க்கா" என்றாள். "பன்னெண்டத் தூக்கலைங்க. அதுதான் இப்ப நாலாவது வரிசையில எனக்கு இருக்கிற ஒரே நிஜத் தொட்டி. ஆனா ஒரு தொட்டிய வச்சு எதுவும் எழுத முடியாதுங்க. அக்டோபர்ல மறுபடி முதல்ல இருந்து. அஞ்சாவதா ஒரு வரிசை வைக்கிறோம், சூடு, புளிப்பு, அதோட கூடுதல் தீனி. வரிசைக்கு மூணு பீப்பாய், தொட்டிக்கு ஒண்ணு."

"ஒன் உதவித்தொகை?"

"அக்டோபருக்கு மேல கிடையாதுங்க. ஆறு மாசச் செலவுக்கு அப்பாகிட்ட கேட்டிருக்கேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அப்புறமுங்க்கா, இனி ரேஷன் கடையில நீங்க தீனி போட வேண்டாமுங்க. புட்டி, பீப்பாய் மட்டும் கழுவுங்க."

படித்திருக்கிறாள். சரி என்றேன்.

போகிற நேரத்தில் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள். பன்னிரண்டாம் தொட்டியின் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினாள். மூலையில் தேதியும் மணியும். ஐந்தே கால்: மணல்தான், ஒன்றும் இல்லை. ஐந்தரை: பக்கத்தில் இரண்டு தொட்டியிலும் மட்டி விழுந்திருக்கும், வாடை பீப்பாய் வழியாக இங்கே வந்திருக்கும். இருபதும் வெளியே. தண்ணீர் விழுகிற குழாய்க்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தும்பிக்கையைக் குழாயைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆறு மணி, அப்படியே. ஆறரை, அப்படியே. ஏழு மணிக்குமேல் ஒவ்வொன்றாக மணலுக்குள் போகின்றன. அடுத்த நாள், அதேதான். திருவிழா அன்றைக்கும் அதேதான். ஜூலை இரண்டும் மூன்றும் மட்டும் ஒன்றும் வெளியே வரவில்லை.

"எழுவது நாளுமாம்மா?"

"எழுவது நாளுமுங்க" என்றாள். என்னைப் பார்க்காமல், திரையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சுகர் 144. சோறு ஒரு கப்.

சாயங்காலம் கூடையில் சீலா இருந்தது. எனக்காகத்தான் வாங்கினேன். அடுப்படிக்குள் போனேன், எண்ணெய்ச் சட்டியை எடுத்தேன், கதவைச் சாத்தத் திரும்பினேன். கதவை ஒட்டிக் கட்டில். கட்டிலில் அவர், முகம் கதவைப் பார்த்து.

"கட்டில எதுக்கு இங்கன கொண்டாந்து போட்டிய?" என்று கேட்டேன்.

"காத்துக்கு" என்றார்.

எங்கள் அடுப்படியில் ஜன்னலே கிடையாது.

கதவைச் சாத்தவில்லை. எண்ணெய்ச் சட்டியைத் திரும்ப மாட்டிவிட்டு, மீனைக் குழம்பாக வைத்தேன், உப்பு குறைத்து. அவர் கட்டிலில் படுத்தபடியே நான் புளி கரைப்பதையும் மீன் அறுப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெந்தயம் போட்டியா என்று கேட்டார். போட்டேன் என்றேன். தட்டு இரண்டையும் கட்டில் பக்கம் கொண்டுபோய் வைத்து, டாக்டரம்மா கொடுத்த கப்பால் அளந்தேன். அவருக்கு ஒரு கப். எனக்கும் ஒரு கப், தலை தட்டி. இரண்டு துண்டு மீன், ஆளுக்கு ஒன்று. தின்று முடித்து, கையைக் கழுவாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

மணி ஏழரை. எனக்குப் பசிக்கிறது.